சர்க்கரைச் சாட்சி

சியோசாயா மாத்திரையை நிறுத்திவிட்டான் என்கிற சங்கதி அவன் பெண்டாட்டி லெசியெலிக்கு ஊரோடு சேர்ந்துதான் தெரிந்தது. அதுவும் எங்கே வைத்து? கோயிலில் வைத்து, சாட்சி சொல்கிற ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம், பாடகர் குழு ஒரு பாட்டை முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில்.

மனுஷன் எழுந்து நின்றான். கோயில் மரியாதைக்காக இடுப்பில் சுற்றியிருந்த பாயை இழுத்துச் சரிசெய்துகொண்டான். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான்.

"சகோதர சகோதரிகளே, போன வருஷம் இதே மாசம் என் ரத்தத்துல சக்கரை பதினேழு. இப்ப அஞ்சு புள்ளி ஆறு. கர்த்தர் என்னையத் தொட்டுட்டாரு. சக்கரை என்னைய விட்டுப் போயிட்டு. மூணு நாளா மாத்திரைய நான் தொடல. இனிமேலும் தொடமாட்டேன்!"

வவாவுத் தீவு ஆஸ்பத்திரிக் கணக்கில் சர்க்கரை ஆறுக்குள் இருந்தால் நல்ல ரத்தம் என்று பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வீட்டுக்கு ஒருவர் சர்க்கரையோடு மல்லுக்கட்டுகிற ஊர். ஆண்கள் பக்கம் "மாலியே! மாலியே!" என்று சபாஷ் முழங்கியது. பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். டிரம்பெட் ஊதுகிற மோசெசே பாட்டு எண்ணைக்கூடக் கேட்காமல் எடுத்து ஊதிவிட்டான். கூரைத் தகரம் அதிர்ந்தது.

பக்கத்திலிருந்த ஃபபியோலா லெசியெலியைக் கட்டிப்பிடித்து, "ஏக்கா, உனக்கு எம்புட்டு பாக்கியம்!" என்று அழுதாள். இவளும் அழுதாள். ஆனால் அது வேறு அழுகை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவன் கை வீசி நடந்தான். அவள் நாலு எட்டு பின்னால் வந்தாள்.

"ஏன்யா, மூணு நாளா மாத்திரைய என்ன செஞ்சீரு? காலையில நான் கையில வச்சுட்டுத்தானே போறேன்?"

"பன்னிக்குப் போட்டுட்டேன்."

"பன்னிக்கா?"

"அதுக்கும் நல்லதுதானே. கொழுத்துப் போயி கெடக்கு."

"வெளையாடாதீரும். யாரு நிறுத்தச் சொன்னா?"

"அஞ்சு புள்ளி ஆறுட்டி! கணக்குத் தெரியாதா ஒனக்கு? காய்ச்ச விட்ட பொறவும் எவனாவது காய்ச்ச மருந்து குடிப்பானா?"

"இது காய்ச்சலா? கர்த்தர் தொட்டாருன்னு சொன்னீரே, நான் ஒரு வருஷமா தொட்டது, தடவுனது, அவிச்சுப் போட்டது ஒண்ணும் கணக்குல வரலியா?"

"ஒன்னையும் சேத்துச் சொல்லணும்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள மோசெசே ஊதிட்டான்."

இதற்குமேல் இந்த மனுஷனிடம் என்னத்தைப் பேச!

அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் லெசியெலிக்கு இப்போதும் தலை சுற்றும். தோட்டத்தில் கால் பெருவிரலில் ஒரு முள் குத்தியது. நாலு மாதம் ஆறவில்லை. நெயியாஃபு டவுன் ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. அவனுடைய மூத்த அண்ணனுக்கு இப்படித்தான் விரலில் ஆரம்பித்து, முழங்காலில் போய் நின்று, அப்புறம் ஆளே இல்லாமல் போனது. அந்தச் சவப்பெட்டியைத் தூக்கியபோது அதில் கனமே இல்லாததை அவள் மறக்கவில்லை. விரல் பேச்சு வந்த அன்றிலிருந்து அவள் வீட்டில் ஆட்டு விலாக்கொழுப்பு கிடையாது. டின் மாட்டிறைச்சி கிடையாது. தேங்காய்ப்பால் கண்ணில் காட்டுவதோடு சரி. அவித்த பச்சை வாழைக்காய், கீரை, சுட்ட மீன். அவன் முதல் வாரம் அழுதான், இரண்டாம் வாரம் அக்கம்பக்கத்தில் திருடித் தின்றான், மூன்றாம் வாரம் அடங்கிவிட்டான். பெருவள்ளிக் கிழங்குத் தோட்டத்துக்கு வண்டியில் போகிறவன் நடந்து போக ஆரம்பித்தான். காலையும் மாலையும் மாத்திரை. விரல் புண் ஆறி, இருபது கிலோ இறங்கி, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு மறுபடியும் பொத்தான் பூட்டியது. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் சாட்சியே சொன்னான்.

சரி, சீட்டில் அஞ்சு புள்ளி ஆறு இருந்தது நிஜம். சீட்டு தந்த இடத்தில் சொல்லவிருந்த மீதிப் பேச்சைக் கேட்காமல் அவன் ஓடிவந்ததும் நிஜம். அது மறுநாள் தாப்பாத் துணி ஒட்டுகிற வேலையில்தான் வெளியே வந்தது.

கோயில் மண்டபத்தில் பத்துப் பெண்கள் நீளப் பலகையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அடித்து மெலிதாக்கிய மரப்பட்டைத் துணியைத் துண்டு துண்டாக வைத்து, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைப் பசையாகத் தேய்த்து ஒட்டி, மேலே காவிச் சாயம் தடவிக்கொண்டு போவார்கள். கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். வெயில் மண்டபத்துக்கு வெளியே வெள்ளையாய்க் காய்ந்தது.

"ஏக்கா," என்றாள் ஃபபியோலா, "ஒங்க வீட்டுக்காரர் அன்னைக்கு கிளினிக்குல ஓடுன ஓட்டம் தெரியுமா?"

"என்ன ஓட்டம்?"

"நான் அங்கதான இருந்தேன், கண்ணுக்கு மருந்து விட. டவுன்லேருந்து ரத்தம் பாக்க வந்த கோலோ சார் விரலைக் குத்திப் பாத்துட்டு, 'நல்லா இருக்கு, ஆனா உக்காருங்க, மேல என்ன செய்யணும்னு நர்சம்மா வந்து சொல்லுவாங்க'ன்னாரு. நர்சம்மா வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான்! சீட்டைப் புடுங்கிக்கிட்டுப் பின்வாசல் வழியா மனுஷன் பாஞ்சாரு பாருங்க. ஒத்தைச் செருப்பு அங்கேயே கெடந்துச்சு."

பத்துப் பெண்களும் பசைக்கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏன் ஓடினான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? புதிதாக மாற்றலாகி வந்த நர்ஸ் இலைசானே, சியோசாயாவின் பெரியப்பா மகள். அந்த ஊரில் பெரியப்பா சித்தப்பா மக்களும் கூடப்பிறந்தவர்கள்தான். வயசுக்கு வந்த அக்காவும் தம்பியும் ஒரு அறையில் உட்கார்ந்து பேசக்கூடாது, ஒருவர் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட மற்றவர் காதில் விழக்கூடாது. அக்கா வந்தால் தம்பி எழுந்து விலக வேண்டும். அப்பேர்ப்பட்ட அக்காவுக்கு முன்னால் காலைத் தூக்கிக் காட்டுவதா, ராத்திரி எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதா? ஓடத்தான் செய்வான். ஊரில் யாராக இருந்தாலும் ஓடுவார்கள்.

லெசியெலியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, 'அட பாவி மனுஷா, பாதிச் சேதியோடயா ஓடிவந்து சாட்சி சொன்ன?' என்று மனசுக்குள் திட்டினாள்.

அன்று மத்தியானம் சாப்பாடு எடுத்துவைத்தபோது மறுபடி ஆரம்பித்தாள். "செரி, டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்தலாமே?"

"எப்படிட்டி கேக்க? சபைக்கு முன்னால கர்த்தர்ட்ட சொல்லியாச்சு. இப்ப போயி மாத்திரையப் போட்டா, நான் சொன்னது பொய்யின்னு ஆகாதா? 'சியோசாயா கர்த்தர்ட்டயே கப்சா விட்டான்'னு கவாச் சாறு குடிக்கக் கூடுற எடத்துல என் மூஞ்சியில முழிப்பானுவளா?"

"அந்த மாத்திரையையும் கர்த்தர்தான் குடுத்தாருன்னு வச்சுக்கிட்டா நீரு என்ன கொறஞ்சா போவீரு?"

"அத முன்னமே சொல்லியிருக்கணும். இப்ப சொல்லி என்ன புண்ணியம்!"

கிறிஸ்துமஸ் வந்தது. கோட்டுப் பொத்தான் பூட்டிய பெருமையில் அவன் போன வீட்டிலெல்லாம், "சொகமானவரு வந்துட்டாரு, நல்லா வைங்க" என்று தட்டில் குவித்தார்கள். சேப்பங்கிழங்கு இலையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வெந்த டின் மாட்டிறைச்சியை ஒரு வருஷத்து வனவாசத்துக்குப் பழிவாங்குவது மாதிரித் தின்றான். லெசியெலி கண்ணை உருட்டினால், "மாலியே!" என்று அவளைப் பார்த்தே சொல்லுவான்.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில் அவன் இளநீராக வெட்டிக் குடிக்க ஆரம்பித்தான். ஒன்று குடித்தால் இன்னொன்று. தோட்டத்திலிருந்து வந்து பாயில் சாய்ந்தால் எழுந்திருக்கவே மாட்டான். வெயில் அதிகம் என்றான். ஒருநாள் காலையில் லெசியெலி முற்றம் பெருக்கிக்கொண்டே ஈரப்பலா மரத்தடிக்குப் போனாள். அவன் வழக்கமாக ஒதுங்குகிற இடம். எறும்பு! கறுப்பாய், சாரை சாரையாய், தரை தெரியாமல் மொய்த்துக் கிடந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இந்த மனுஷன் வேணும், என்று வாய்விட்டே சொன்னாள். எறும்புகள் தவிர யாரும் கேட்கவில்லை.

அப்புறம் எழுந்து, காலைக் கழுவி, நேரே கிளினிக்குக்குப் போனாள்.

இலைசானே ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். உயரமான பெண்மணி, குரல் தாழ்ந்து இருக்கும், ஆனால் அதற்கு எதிராக இன்னொரு குரல் எழும்பாது. லெசியெலி எல்லாவற்றையும் கொட்டினாள். எறும்பு சமாச்சாரத்தை மட்டும் காதோடு சொன்னாள். மதினியிடம் சொல்லலாம். மதினி அதைத் தம்பியிடம்தான் சொல்லக்கூடாது.

"லெசி, அந்த அஞ்சு புள்ளி ஆறு எப்படி வந்துச்சுன்னு நெனைக்கிற?"

"நீங்களே சொல்லுங்க மதினி."

"மாத்திரை பாதி, ஒன் சமையல் பாதி, அவன் நடந்த நடை ஒரு பாதி."

"மூணு பாதியா?"

"ஆமா, எது எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது, அவனுக்குச் சுத்தமாத் தெரியாது. நல்லா எறங்கி, எறங்குனபடியே நின்னா, சில பேருக்கு டாக்டர் மாத்திரையக் கொறைப்பாரு. கொஞ்சம் கொறைச்சு, ரத்தத்தப் பாத்து, மறுபடி கொறைச்சு, மறுபடி பாத்து. ஒண்ணு ரெண்டு பேருக்கு நிறுத்திக்கூடப் பாப்பாரு. அப்பவும் வந்து வந்து காட்டணும். இதச் சொல்லத்தான் அன்னைக்கு உள்ள வந்தேன். ஐயா செருப்பை விட்டுட்டுப் பறந்துட்டாரு."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மதினி. அக்கா கேட்டத இல்லேன்னு சொல்ல எந்தத் தம்பிக்கு வாய் வரும்?"

"வராது. அதுதான் பயம். நான் அவன் ஒடம்பைப் பத்தி ஆள் விட்டுச் சொன்னேன்னு வையி, மாத்திரையப் போட்டுக்குவான். அப்புறம் ஜென்மத்துக்கும் என் கண்ணுல படமாட்டான். ஊரும் என்னைய நர்சுன்னு பாக்காது, மானங்கெட்ட அக்கான்னுதான் பாக்கும்." ஊசிப் பெட்டியை மூடினாள். "ஜெப வாரத்துல ஒங்க வீட்டு விருந்து என்னைக்கு?"

"புதன்கெழம மத்தியானம்."

"நான் வாரேன். அவன் மாத்திரைப் புட்டிய நீ மடியில கட்டி வச்சிரு."

ஜனவரி முதல் வாரம் அந்த ஊரில் அடுப்பு அணையாது. காலையும் மாலையும் ஜெபம், ஜெபம் முடிந்தால் ஒரு வீட்டில் விருந்து. புதன்கிழமை விடிந்ததும் சியோசாயா குழி வெட்டிக் கல் அடுக்கித் தீ மூட்டினான். கிழங்கும் இலைப்பொதியும் கல்லுக்குள் போய் மண் மூடிக்கொண்டது. மூன்று பன்றிக்குட்டிகளைக் கம்பில் கோர்த்துத் தீயின் மேல் சுற்றினார்கள். சியோசாயாவுக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கியது. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான்.

லெசியெலி தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். விருந்துப் பந்தியின் நடுவில் வழக்கமான குவியலுக்குப் பக்கத்திலேயே அவித்த வாழைக்காயும் கீரையும் சுட்ட மீனும் ஒரு முழ நீளத்துக்குப் பரப்பினாள். ஃபபியோலா பார்த்துவிட்டு, "என்னக்கா, விருந்துல பத்தியமா? ஊரு சிரிக்கும்" என்றாள். "சிரிக்கட்டும், சிரிச்சா சக்கரை கொறையுமாம்" என்றாள் இவள்.

பந்தியின் தலைமாட்டில் போதகர் ஹவேயா. அவருக்குப் பக்கத்தில், அக்கா முறைக்கு உரிய மரியாதையோடு, இலைசானே. ஆகவே சியோசாயா வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. விருந்து கொடுக்கிறவன் வெளியே புகையில் நிற்பதுதான் முறை, அவனுக்கு வசதியாகப் போயிற்று. தென்னோலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பன்றியை வெட்டித் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய பங்காளிகள் நாலைந்து பேரும் அங்கேதான் நின்றார்கள்.

தின்று முடிந்ததும் விருந்தாளிகள் ஒவ்வொருவராக எழுந்து நன்றி சொல்வது வழக்கம். போதகர் சொன்னார். மோசெசேயின் அம்மா சொல்லி, அழுது, பாடி உட்கார்ந்தாள். அப்புறம் இலைசானே எழுந்தாள். தடுப்புக்கு வெளியே கத்திச் சத்தம் சட்டென்று நின்றது. லெசியெலி மடியிலிருந்த புட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இந்த மனுஷி பேரைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

"விருந்து குடுத்த வீட்டுக்கு நன்றி," என்றாள் இலைசானே. "நானும் இன்னைக்கு ஒரு சாட்சி சொல்லணும். பதினோரு வருஷமா எனக்குச் சக்கரை இருக்கு."

பந்தியில் விசிறி ஆடுவதுகூட நின்றது. ஒரு பெண், தம்பிகள் கேட்கிற தூரத்தில், தன் உடம்பைப் பற்றிப் பேசுகிறாள்!

"ஊருக்கெல்லாம் மாத்திரை குடுக்கிற கை, தன் மாத்திரைய மட்டும் கதவைச் சாத்திக்கிட்டுப் போட்டுக்கும். வெக்கம். எனக்கும் ஒரு தடவை ஆறுக்குள்ள வந்துச்சு. சந்தோசத்துல நானே நிறுத்திட்டேன், நர்சுக்குத் தெரியாததான்னு. ரெண்டு மாசத்துல கண்ணு மங்கிப் போயி, ஊசி மொனை தெரியாம நின்னேன். கர்த்தர் என்னையக் கைவிடல. அவரு குடுத்ததத்தான் நான் பாதியில போட்டுட்டேன். இப்ப காலையில எந்திரிச்சதும் ஜெபம் பண்ணுவேன், மாத்திரையும் போடுவேன். ரெண்டும் ஒரே ஆளுகிட்டேருந்து வந்ததுதான்."

கைப்பையிலிருந்து தன் மாத்திரைப் புட்டியை எடுத்துப் பந்தியில், எல்லோர் கண்ணும் பட, வைத்தாள்.

"தனியாப் போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு. இந்த வீட்டுலயும் வெளியிலயும் எனக்குத் தம்பிமாரு நெறையப் பேரு இருக்காங்க. ஒரு நாளும் அவங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல. இன்னைக்குக் கேக்கேன். டாக்டர் யாருக்கு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரோ, அவங்க அவங்க மாத்திரைய எடுத்துக்கிட்டு, எனக்குத் தொணையா ஒரு வாய் போடணும்."

பேரும் சொல்லவில்லை, முகமும் திருப்பவில்லை. அக்கா கேட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

தடுப்புக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். பலசரக்குக் கடை ஃபிநௌ தன் மகளைக் கூப்பிட்டு, "வண்டியில, சீட்டுக்கு அடியில, ஒரு டப்பா இருக்கும்... எடுத்தா" என்றார். மோசெசே தன் டிரம்பெட் பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்தான். அவன் அம்மா, "எலே, ஒனக்குமா!" என்று நெஞ்சில் கைவைத்தாள். "ஆறு வருஷமா" என்றான் அவன், தரையைப் பார்த்து. இன்னும் இரண்டு பங்காளிகள் வீட்டுக்கு ஓடினார்கள். கடைசியில் போதகர் கனைத்தார்.

"நான் ஒங்களுக்குத் தம்பி முறை இல்ல. இருந்தாலும்..." என்று வேத புத்தக உறையின் ஜிப்பைத் திறந்து இரண்டு வெள்ளை மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினார். சபை முதலில் திகைத்து, அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்து, அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டது. போதகரும் சிரித்தார்.

லெசியெலி மடியிலிருந்த புட்டியோடு தடுப்பைத் தாண்டிப் போனாள். சியோசாயா கத்தியைக் கையில் பிடித்தபடி, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றான். புகையாலோ என்னவோ, கண் சிவந்திருந்தது.

"போடுறீரா?"

"அக்கா கேட்டுட்டாங்களே."

"அக்கா கேட்டதுக்காகத்தானா?"

அவன் கையைத் துடைத்துவிட்டு மாத்திரையை வாங்கினான். முகத்தைத் திருப்பாமலே, உள்ளே இருக்கிறவர்களுக்கு எட்டும்படி சத்தமாகப் பேசினான்.

"சபையாரே, நான் அன்னைக்குச் சொன்னது பொய் இல்ல. பாதிதான் சொன்னேன். மீதிய இன்னைக்குத்தான் கேட்டேன்." மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீரை அண்ணாந்து குடித்தான்.

"மாலியே!" என்று போதகர்தான் முதலில் சத்தம் போட்டார். மோசெசே டிரம்பெட்டை எடுத்தான். அவன் அம்மா அதைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

ஆனால் மாத்திரை போட்டால் போதுமா? ரத்தம் பார்க்க வேண்டாமா? டாக்டர் பிப்ரவரியில்தான் வருவார், கோலோ சார் மாதம் ஒருமுறை, ஆனால் வாரம் ஒரு தடவை பார்த்தே ஆகவேண்டும் என்று இலைசானே லெசியெலியிடம் சொல்லி அனுப்பினாள். அக்கா முன்னால் எப்படிப் போய் உட்காருவது? வியாழக்கிழமை முழுக்க யோசித்து, சியோசாயாவே வழி கண்டுபிடித்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளினிக்கின் பக்கவாட்டுச் சுவரோரம், வெளியே, தெருவைப் பார்த்து நின்றுகொண்டான். கண்ணாடிப் பட்டை ஜன்னலின் இடுக்கு வழியாகப் பின்பக்கமாக ஒரு கையை மட்டும் உள்ளே நீட்டினான். மண் படிந்த, பெரிய, ஐந்து விரல். உள்ளே இலைசானே அந்தக் கையை ஒரு நிமிஷம் பார்த்தாள். சின்ன வயசில் பிடித்து நடத்திக் கூட்டிப்போன கை, நாற்பது வருஷமாகத் தொடாத கை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டதை லெசியெலி மட்டும் பார்த்தாள். பஞ்சால் துடைத்து, விரலைக் குத்தி, ஒரு சொட்டு எடுத்தாள்.

"லெசி, இந்தக் கைக்காரர்ட்ட சொல்லு. பதினாலு."

லெசியெலி ஜன்னல் வழியே, "பதினாலாம்" என்றாள்.

"கேட்டுச்சு" என்றது தெரு.

"கொறையும்னு சொல்லு. மாத்திரைய விடாமப் போடணும். நடக்கணும். ஒன் சமையலத்தான் திங்கணும். டாக்டர் வந்ததும் காலைக் காட்டணும், அது ஆம்பள டாக்டர்தான், ஓட வேண்டாம்னு சொல்லு. மாத்திரையக் கொறைக்கலாமா கூடாதான்னு அவருதான் பாத்துச் சொல்லுவாரு, கைக்காரரு சொல்லக்கூடாது."

லெசியெலி ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே சொன்னாள். பாதி சொல்லும்போதே கை போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். விரலில் பஞ்சு வைத்தாயிற்று, வேலை முடிந்தாயிற்று, இனி இழுத்துக்கொள்ளலாம். ஆனால் கை அங்கேயே இருந்தது. கடைசி வார்த்தை வரைக்கும் இருந்தது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் இருந்தது.

"வேற ஏதாவது சொல்ல வேண்டியிருக்கான்னு கேளு" என்றான் சியோசாயா.